ஆறு மாதம் வெளிநாடு போய் வந்தால் உங்கள் செல் நம்பர் யாருக்குச் சொந்தம்?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் அல்லது மகள் வீட்டுக்குப் போய் ஐந்தாறு மாதம் தங்கிவிட்டு வருவது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துக் குடும்பங்களில் இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. டேங்க் ஃபேக்டரியிலும், டி.ஐ. சைக்கிளிலும், டன்லப்பிலும், அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் பேரன் பேத்தியைப் பார்த்துக் கொள்ள விமானம் ஏறுகிறார்கள். புறப்படும் முன் கேஸ் சிலிண்டரை மூடுகிறோம். ஃப்ரிட்ஜைக் காலி செய்கிறோம். பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கிறோம். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டருக்கு உறை போட்டு, யு.பி.எஸ். பிளக்கைக் கழற்றி வைக்கிறோம். ஆனால் செல்போன் நம்பரை என்ன செய்வது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. திரும்பி வந்து பழைய சிம் கார்டைப் போட்டால் திரையில் சிக்னல் கோடுகள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் செல்போன் புராணம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்று உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் செய்யும் முக்கியமான வேலைகள் எல்லாவற்றுக்கும் சாவி செல்போனில்தான் இருக்கிறது. நெட் பேங்கிங்கில் யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டையும் சரியாகக் கொடுத்தாலும் வேலை முடிவதில்லை. உங்கள் செல்போனுக்கு ஓ.டி.பி. என்னும் ஒருமுறை மட்டும் பயன்படும் எண் வரும், அதையும் டைப் செய்ய வேண்டும். இண்டர்நெட்டில் கார்டு மூலம் பணம் கட்டும்போது கார்டில் அச்சிட்டிருக்கும் விவரங்கள் மட்டும் போதாது, கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. அது நல்ல ஏற்பாடுதான். அந்தக் கூடுதல் பூட்டு பிறகு வருமான வரி, ஆதார், பி.எஃப்., ரயில் டிக்கெட் என்று எல்லாக் கதவுகளிலும் ஏறியது. இத்தனை பூட்டுகளையும் திறக்கும் சாவியை நாம் கொண்டுபோய் வைத்திருப்பது ஒரு ப்ரீபெய்டு சிம் கார்டில். அந்த சிம் கார்டு எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது நமக்கே தெரியாது.

இனி கணக்கைப் பார்ப்போம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 பிப்ரவரியில் ஒரு விதியை வெளியிட்டது. அதன்படி ஒரு ப்ரீபெய்டு இணைப்பைப் பயன்படுத்தவில்லை என்ற காரணத்துக்காக 90 நாட்களுக்குள் துண்டிக்கக் கூடாது. 90 நாள் கழித்தும் கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருப்பு இருந்தால், அதிலிருந்து 20 ரூபாய்க்கு மிகாமல் எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். இருப்பு தீரும்வரை இப்படியே நீட்டிக்க வேண்டும். துண்டித்த பிறகும் இந்தத் திட்டத்தில் சேர்ந்து நம்பரை மீட்க 15 நாள் அவகாசம் உண்டு. இதில் 'பயன்படுத்துவது' என்றால் என்ன என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். கால் பேசுவது, கால் வருவது, நாம் எஸ்.எம்.எஸ். அனுப்புவது, டேட்டா பயன்படுத்துவது ஆகியவை கணக்கில் சேரும். நமக்கு வந்து விழும் எஸ்.எம்.எஸ். சேராது. வெளிநாட்டில் பழைய போனை சார்ஜில் போட்டு, பேங்க் மெசேஜ் வருகிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட நம்பரை குறைந்தது 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. டிராய் இதை 2023-ல் உச்ச நீதிமன்றத்திலும் தெரிவித்தது. இப்போது இரண்டையும் கூட்டுங்கள். 90-ம் 90-ம் 180. அமெரிக்காவுக்கு விசிட்டர் விசாவில் போகும் பெற்றோருக்குப் பெரும்பாலும் ஒரு தடவையில் கிடைக்கும் தங்கும் காலம் ஆறு மாதம். அதாவது நீங்கள் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும் வாரத்திலேயே உங்கள் நம்பர் இன்னொருவர் கைக்குப் போகலாம். சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை. இந்த 180-க்கும் அந்த ஆறு மாதத்துக்கும் இருக்கும் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதைக் கண்டு திருத்தவும் இதுவரை யாரும் திட்டமிடவில்லை என்பதுதான் என் குறை.

"20 ரூபாய் இருந்தால் போதும் என்கிறீர்களே, பிறகு என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். 2005 டிசம்பரில் ஏர்டெல் 999 ரூபாய்க்கு 'லைஃப் டைம்' கார்டு அறிமுகம் செய்தது நினைவிருக்கலாம். ஒரு முறை கட்டினால் வாழ்நாள் முழுக்க இன்கமிங் என்று நாம் புரிந்து கொண்டோம். அந்த வாழ்நாள் நம்முடையது அல்ல, கம்பெனியின் லைசென்ஸ் காலம் என்பது பலருக்குப் பின்னால்தான் தெரிந்தது. பிறகு 2018 நவம்பரில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளுக்கு ஒரு முறை குறைந்தது 35 ரூபாய் ரீசார்ஜ் செய்தால்தான் இன்கமிங்கும் என்று மாற்றின. 2024 ஜூலையில் ஏர்டெல்லின் 28 நாள் அடிப்படைத் திட்டம் 199 ரூபாய் ஆனது. இப்போது நாம் வாங்குவது எல்லாம் பேக். அதில் டாக்டைம் இருப்பு என்று தனியாக ஒன்று நிற்பதே அபூர்வம். இருப்பே இல்லாத கணக்கில் 20 ரூபாயை எங்கிருந்து எடுப்பது? பேக் முடிந்தபின் சில நாட்களில் இன்கமிங்கும் நின்றுவிட்டால் 'பயன்பாடு' எப்படி நடக்கும்? விதி புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அது பிடித்து நிற்கத் தரை இல்லை. 2025 ஜனவரியில் '20 ரூபாயில் 4 மாதம் சிம் உயிரோடு இருக்கும், டிராய் புதிய விதி' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது புதிய விதி அல்ல, இதே 2013 விதிதான். அதை நம்பி யாரும் விமானம் ஏற வேண்டாம்.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. நம்மவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். அங்கே மகன் வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் ஜோராக வேலை செய்யும். ஊரிலிருந்து வீடியோ கால் வரும், குடும்ப குரூப்பில் படங்கள் வரும். அதனால் நம்பர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து விடுகிறோம். வாட்ஸ்அப் ஒரு முறை நம்பரைச் சரிபார்த்துவிட்டு, அதன்பின் இண்டர்நெட்டில் ஓடுகிறது. சிம் இறந்தாலும் அதற்கு உடனே தெரியாது. உங்கள் நம்பரை வாங்கிய புதியவர் தன் போனில் வாட்ஸ்அப் போடும் நாளில்தான் நீங்கள் வெளியே தள்ளப்படுவீர்கள். 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, இத்தகைய மெசேஜ் செயலிகள் பதிவு செய்த சிம் கார்டு போனில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மோசடிகளைத் தடுப்பதுதான் நோக்கம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது முழுதாக நடைமுறைக்கு வந்தால், சிம்மை மேஜை டிராயரில் போட்டுவிட்டு வெளிநாடு போகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பும் இல்லை.

நீண்ட காலம் வெளியே இருப்பது எப்போதும் நம் கையிலா இருக்கிறது? 2020 மார்ச் 23 முதல் இந்தியாவுக்கு வரும் வழக்கமான சர்வதேச விமானங்கள் நிறுத்தப்பட்டன. அவை முழுதாக மீண்டும் தொடங்கியது 2022 மார்ச் 27 அன்று. இடையில் 2020 மே 7 முதல் வந்தே பாரத் விமானங்கள் வந்தன என்றாலும், மூன்று மாதம் என்று போனவர்கள் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று மாட்டிக் கொண்டார்கள். ஊரடங்கின் தொடக்கத்தில் கம்பெனிகள் குறைந்த வருமானக்காரர்களின் வேலிடிட்டியை ஏப்ரல் நடுப்பகுதி வரை நீட்டித்தன. அதற்கு மேல் வெளிநாட்டில் சிக்கியவர்களுக்கு என்று தனி ஏற்பாடு வரவில்லை.

அதற்கும் முன் நம் ஊருக்கே உரிய ஒரு பாடம் ஏர்செல். 2018 பிப்ரவரி 21 அன்று தமிழ்நாடு முழுக்க ஏர்செல் படுத்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. இங்கே இருந்தவர்கள் ஷோரூம் வாசலில் வரிசையில் நின்றாவது போர்ட்டிங் கோடு வாங்கி வேறு கம்பெனிக்கு மாறினார்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்களுக்கு அந்த வரிசையும் இல்லை. பேங்கில் கொடுத்திருந்த ஏர்செல் நம்பரோடு அவர்களின் பல கணக்குகளும் மௌனமாயின.

இந்த மௌனத்தின் விலை என்ன என்பதற்கு உள்ளூர் உதாரணம் ஒன்று. தமிழ்நாடு மின்வாரியம் 2022 நவம்பர் 15 முதல் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னது. கெடு பல முறை நீண்டு 2023 பிப்ரவரி 28-ல் முடிந்தது. வெப்சைட்டில் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் ஓ.டி.பி. வர வேண்டுமே! வீடு ஆவடியில், ஆள் நியூ ஜெர்சியில், நம்பர் காற்றில் என்றால் அந்த ஐந்து நிமிடம் ஐந்து வாரம் ஆகும்.

சரி, வந்து இறங்கிவிட்டீர்கள், சிம் வேலை செய்யவில்லை. முதலில் பதற்றத்தில் தெருமுனைக் கடையில் புது நம்பர் வாங்கி விடாதீர்கள். வேறொரு போனிலிருந்து உங்கள் பழைய நம்பருக்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள். யாராவது எடுத்துப் பேசினால் கதை முடிந்தது. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் பணம் கொடுத்து முறையாக வாங்கியிருக்கிறார். 'உபயோகத்தில் இல்லை' என்று பதிவுக் குரல் வந்தால் இன்னும் நம்பிக்கை உண்டு. அன்றைக்கே அந்தக் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போங்கள். ரீசார்ஜ் கடைகளில் இந்த வேலை பெரும்பாலும் நடக்காது. பழைய சிம் கார்டு, ஆதார் அசல், பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். 2024 ஜனவரி 1 முதல் காகிதப் படிவம் கொடுத்து சிம் வாங்கும் முறை எடுக்கப்பட்டுவிட்டது. எல்லாம் கம்ப்யூட்டர் வழிதான், ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும்.

நேரில் நிற்க வேண்டிய ஆள் யார் என்பதில்தான் பல குடும்பங்கள் விழிக்கின்றன. அப்பா பயன்படுத்தும் நம்பர் மகன் பெயரில் இருக்கும். மகன் கலிஃபோர்னியாவில் இருப்பான். இருபது வருடத்துக்கு முன் கடைக்காரர் யாருடைய ஜெராக்ஸை வைத்து சிம் கொடுத்தாரோ, அதுவும் தெரியாது. நம் ஊர் இனிஷியல் வேறு தன் பங்குக்குக் குழப்பும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக இருக்கும், கம்பெனிப் பதிவில் அதுவும் இருக்காது. இதையெல்லாம் போவதற்கு முன்பே சரிபார்த்துக் கொள்ளலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி வெப்சைட் 2023 மே மாதம் தொடங்கியது. அதில் உங்கள் நம்பரைக் கொடுத்து உள்ளே போனால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று பார்க்கலாம். நீங்கள் பயன்படுத்தும் நம்பர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால், அது வேறு யார் பெயரிலோ ஓடுகிறது என்று அர்த்தம். பெயர் மாற்றத்துக்கு அப்போதே ஷோரூம் போங்கள்.

நம்பர் திரும்பக் கிடைத்துப் புது சிம் போட்டாலும் அன்றே பேங்க் வேலையைத் தொடங்க முடியாது. சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வருவதும் போவதும் தடுக்கப்பட்டிருக்கும். 2022 நவம்பரில் வந்த உத்தரவு இது. போலி சிம் எடுத்துப் பணம் திருடுபவர்களைத் தடுக்க வந்தது, தேவையானதுதான். போன் ரிப்பேர் என்று நினைத்து இன்னொரு கடைக்கு ஓடாதீர்கள். யு.பி.ஐ. செயலியை மறுபடி பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வெளியே போக வேண்டும். ஆகவே எஸ்.எம்.எஸ். வசதியுள்ள பேக் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மகன் கொடுத்தனுப்பிய அமெரிக்க போன் என்றால் அது அங்குள்ள கம்பெனிக்கு லாக் செய்யப்பட்டதா என்பதையும் கேட்டுக் கொள்ளுங்கள். லாக் ஆன போனில் எந்த இந்திய சிம்மும் வேலை செய்யாது. பழி சிம் மேல் விழும்.

நம்பர் போயே போய்விட்டது என்றால் முதல் வேலை ஆதார். ஆதாரில் புது நம்பர் ஏறிவிட்டால் மற்றக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அது ஏறாமல் பேங்குக்கும் வரித்துறைக்கும் அலைவது வீண். ஆதார் சேவை உள்ள அஞ்சலகங்களிலேயே இதைச் செய்து கொள்ளலாம். அடுத்து பேங்க் கிளை, நேரில். அதன்பின் கேஸ், மின்வாரியம், ரேஷன் ஸ்மார்ட் கார்டு.

போவதற்கு முன் செய்ய வேண்டியது இதைவிட எளிது. டிராய் 2024 டிசம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் கொடுக்க வேண்டும், பேக்கின் காலம் 365 நாள் வரை போகலாம் என்றது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 1,849 ரூபாய்க்கு 365 நாள் பேக்கும், ஜியோ 1,748 ரூபாய்க்கு 336 நாள் பேக்கும் அறிவித்தன. கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், புறப்படும் வாரத்தில் வெப்சைட்டில் பார்த்துக் கொள்ளுங்கள். பேக் போட்டு, சர்வதேச ரோமிங்கை இங்கேயே இயக்கி வைத்து, அங்கே மாதம் ஒரு முறை ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் 90 நாள் கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். அந்த ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு ரோமிங் கட்டணம் ஆகும், ஆகட்டும். டேட்டா ரோமிங்கை மட்டும் மறக்காமல் அணைத்து வையுங்கள். போஸ்ட்பெய்டு என்றால் 'சேஃப் கஸ்டடி' கேளுங்கள். குறைந்த வாடகையில் நம்பரைப் பத்திரமாக வைக்கும் வசதி அது. கவுண்டரில் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஈ-மெயில் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தால், பாதுகாப்புப் பகுதியில் 'பேக்கப் கோடுகள்' என்று பத்து எண்கள் கிடைக்கும். அவற்றை பிரிண்டரில் அச்சடித்து பாஸ்போர்ட் உறையில் வையுங்கள். செல்போன் இல்லாத நாளிலும் ஒவ்வொன்றும் ஒரு முறை கதவைத் திறக்கும். புதிதாக பிரிண்டர் வாங்கியவர்களுக்கு இதைவிட உருப்படியான முதல் வேலை எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டிலேயே குடியிருப்பவர்களுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. 2023 ஜனவரியில் தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம் உட்பட 10 நாடுகளின் செல் நம்பரோடு என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளில் யு.பி.ஐ. பயன்படுத்த அனுமதித்தது. ஆறு மாதத்துக்குப் போய் வரும் நம் பெற்றோருக்கு அது பொருந்தாது. அவர்கள் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்கு.

கம்பெனிகள் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். பத்து இலக்க நம்பர்கள் எல்லையற்றவை அல்ல. இரண்டு சிம், மூன்று சிம் வாங்கி ஒன்றைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. எல்லாவற்றையும் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் கைவிட்ட நம்பரை 45 நாளிலேயே வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அங்கே ஒரு நம்பர் கை மாறியதா என்று நிறுவனங்கள் விசாரித்துக் கொள்ளும் தகவல்தளம் 2021 நவம்பர் முதல் இயங்குகிறது. இங்கும் துண்டித்த நம்பர்களின் பட்டியல் வெளியாகிறது. அதைப் பார்த்துத் தங்கள் பதிவுகளைச் சுத்தம் செய்யும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பேங்குகளைக் கேட்டுக்கொண்டது. நல்லதுதான். அது புது நம்பர்க்காரர் கையில் உங்கள் ஓ.டி.பி. விழாமல் தடுக்கும். உங்களுக்கு நம்பரைத் திருப்பித் தராது.

நான் கேட்பது பெரிய சலுகை அல்ல. தூக்கிப் போட்ட சிம்மையும் காத்திருக்கும் சிம்மையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும். "நான் வெளிநாடு போகிறேன், இத்தனாம் தேதி வரை நம்பரை வைத்திருங்கள்" என்று சொல்லி, மாதம் 20 ரூபாய் கணக்கில் முன்பணம் கட்ட ஒரு படிவம் இருந்தால் போதும். ஒரு வருடத்துக்கு 240 ரூபாய். போஸ்ட்பெய்டுக்கு இருக்கும் சேஃப் கஸ்டடி ப்ரீபெய்டுக்கு ஏன் கூடாது? 2013 விதியின் மனதில் இருந்ததும் இதுதானே! பேக் யுகத்துக்கு ஏற்றபடி அதைத் திருப்பி எழுதினால் போதும். பேங்குகளும் எஸ்.எம்.எஸ். ஒன்றையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. வேறு வழிகளிலும் சரிபார்க்க இடம் கொடுத்து ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வழிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றின் நடைமுறை நாள் 2026 ஏப்ரல் 1.

டிராய் விதிகளை மாற்றுவதற்கு முன் ஆலோசனை அறிக்கையைத் தன் வெப்சைட்டில் போட்டு, யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம் என்று ஈ-மெயில் முகவரியும் தருகிறது. கம்பெனிகள் பக்கம் பக்கமாக அனுப்புகின்றன. வாடிக்கையாளர்களிடமிருந்து போவது மிகக் குறைவு. கம்ப்யூட்டரும் இண்டர்நெட்டும் வீட்டில் இருக்கின்றன. அடுத்த முறை ப்ரீபெய்டு விதிகள் பற்றிய அறிக்கை வரும்போது, எந்த மாதம் போனீர்கள், எந்த மாதம் வந்தீர்கள், நம்பர் என்ன ஆனது என்பதை நாலு வரியில் எழுதி அனுப்புங்கள்.